வில் பிழைத்தது, சொல் மாண்டது

(திங்கட் கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்க ஒன்றிய நாடு துமுக்கி (துப்பாக்கி) மலிந்த நாடு. அங்கு வேட்டைக்குச் செல்லும் எவனும் நெடுந்தொலைவில் நிற்கும் மானைத் துமுக்கியால் எளிதில் வீழ்த்திவிட இயலும். அவ்வாறிருந்தும், ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் பல நூறாயிரவர் அத் துமுக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு, வில்லும் அம்பும் ஏந்திக் காட்டுக்குள் நுழைகின்றனர். அவர் வயிற்றுப் பிழைப்பிற்காக வேட்டையாடுவோர் அல்லர். தொழிற்சாலைகளில் உழைப்போரும், ஆசிரியரும், மருத்துவரும், உழவரும் அவருள் உளர். ஓய்வு நாளில் ஒரு மானையோ ஒரு காட்டு வான்கோழியையோ வில்லால் வேட்டையாடுதலே அவர்தம் பொழுதுபோக்கு. பெரும்பாலோர் வெறுங்கையராகவே வீடு திரும்புகின்றனர். ஆயினும் மறு வாரமும் செல்கின்றனர்.

இந்தப் பழக்கம் யாங்ஙனம் தோன்றியது? எளிய கருவி கையிலிருக்க, அரிய கருவியை அவர் நாடியது ஏன்? இவ் வினாக்களுக்கு விடை தேடிச் செல்வோர், இறுதியில் ஒரு தனி மாந்தனிடம் போய் நிற்பர். அவன் வரலாறு வில்லைப் பற்றியது மட்டுமன்று, மொழியைப் பற்றியதுமாகும். ஆதலின் தமிழர் அதனைச் செவிசாய்த்துக் கேட்டல் தகும்.

1911-ஆம் ஆண்டு ஆகத்து 29-ஆம் நாள். கலிபோர்னியா மாநிலத்தில் ஓரோவில் என்னும் ஊர்ப்புறத்தே இருந்த இறைச்சிக் கொட்டிலின் வேலியருகே, பசியால் மெலிந்து, சோர்ந்து கிடந்த ஒருவனைக் கண்டனர். அவன் பேசிய மொழி ஊரார் எவர்க்கும் விளங்கவில்லை. காவலர் அவனைச் சிறைக்கொட்டடியில் வைத்துக் காத்தனர். செய்தி அறிந்து பல்கலைக்கழகத்திலிருந்து வாட்டர்மன் என்னும் மாந்தவியலறிஞர் வந்தார். அவர் கையில் யானா என்னும் பழங்குடி மொழியின் சொற்பட்டி ஒன்று இருந்தது. அதனை ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினார். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் மஞ்சட் பைன் மரத்தைக் குறிக்கும் 'சிவினி' என்னும் சொல்லைச் சொல்லி, அவன் அமர்ந்திருந்த கட்டிலின் மரச் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். அக்கணமே அவன் முகம் மலர்ந்தது. தன் மொழிச் சொல் ஒன்றை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டு அவன் பட்ட மகிழ்ச்சி அளவிடற்கரியது. ஏனெனில், அவன் குடியின் கிளைமொழியைப் பேசுவோர் உலகில் அவனையன்றி வேறு எவரும் எஞ்சியிருக்கவில்லை.

அவன் யாகி என்னும் குடியினன். யானா இனத்தின் தென்கோடிக் கிளையினன். 1849-இல் பொன்தேடி வந்த வெள்ளையர் கூட்டம் அவர்தம் மலைநிலத்தைச் சூழ்ந்தது. 1860-களில் அக்குடி மக்கள் ஆணும் பெண்ணும் குழந்தையுமாகச் சுட்டுக் கொல்லப்பட்டனர். எஞ்சிய ஒரு சிலர் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் பள்ளத்தாக்குகளில் மறைந்து வாழ்ந்தனர். 1908-இல் நிலமளப்போர் சிலர் அம் மறைவிடத்தைத் தற்செயலாகக் கண்டு, அங்கிருந்த போர்வை, வில், அம்பு முதலியவற்றை எடுத்துச் சென்றனர். நடக்கவியலாத மூதாட்டி ஒருத்தி அங்கே கிடந்தாள். அவள் அவனுடைய தாய். அதன்பின் அவன் தனியனானான்.

தன் பெயரைத் தானே சொல்லுதல் அவன் குடியின் மரபன்று. பெயரைப் பிறரே சொல்லுதல் வேண்டும். சொல்லுதற்குரிய பிறர் எவரும் இல்லை. ஆகவே அறிஞர் குரோபர் அவனை 'இசி' என்று அழைத்தார். யானா மொழியில் அதற்கு 'மாந்தன்' என்பதே பொருள். அவன் இயற்பெயரை இன்றுவரை உலகம் அறியாது.

சான்பிரான்சிசுக்கோவிலிருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இசி தங்கி, சிறு பணிகள் செய்து, காண வருவோர்க்கு அம்பு செய்யும் முறையைக் காட்டி வாழ்ந்தான். அண்மையிலிருந்த மருத்துவப் பள்ளியின் ஆசிரியர் சாக்சுட்டன் போப்பு என்பார் அவனுக்கு மருத்துவம் பார்க்க வந்து நண்பரானார். நண்பராகிப் பின் மாணவரானார். இசி அவருக்கு வில் செய்யவும், அம்பு நேர்செய்யவும், மான் வேட்டையாடவும் கற்பித்தான்.

இசியின் வில் ஏறத்தாழ மூன்றரை அடி நீளமுடையது. மலைச் சூனிப்பர் மரத்தால் ஆனது. முதுகுப்புறம் விலங்கின் நரம்பு ஒட்டி வலிமை ஊட்டப்பெற்றது. அம்புமுனையை எரிமலைக் கண்ணாடிக் கல்லைச் செதுக்கி ஆக்குவான்; புட்டிக் கண்ணாடித் துண்டு கிடைத்தால் அதையும் விடான். இலக்குப் பலகையில் எய்யும்போது போப்பு அவனை வென்றுவிடுவார். ஆனால் காட்டில், உயிருள்ள விலங்கின்முன், இசிக்கு ஈடு எவரும் இலர். கரணியம் என்னவெனில், அவன் கற்றது குறிபார்த்தலன்று, அணுகுதல். வேட்டைக்கு முந்திய நாள் மீன் உண்ணான், புகை குடியான். விடியற்காலையில் ஓடையில் நீராடி, மணமுள்ள இலைகளை உடம்பில் தேய்த்துக்கொண்டு புறப்படுவான். மாந்த மணம் மானின் மூக்கை எட்டலாகாது என்பதே அவன் முதற்பாடம். மானின் தலையைப் பாடம்செய்து தன் தலைமேற் சூடிப் புதரிடையே அசைத்து மானை அருகே வரச்செய்வான். முயலின் குரலை வாயால் எழுப்பி முயலை வரவழைப்பான்.

1916-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் இசி என்புருக்கி நோயால் இறந்தான். அவன் உடலோடு ஒரு வில்லும் ஐந்து அம்புகளும் வைத்து எரியூட்டினர். 1923-இல் போப்பு தாம் கற்றவற்றையெல்லாம் திரட்டி வில் வேட்டை பற்றி ஒரு நூல் எழுதினார். போப்பும் அவர்தம் தோழர் ஆர்த்தர் யங்கும் வில்லேந்தி மேற்கொண்ட வேட்டைச் செலவுகள் நாடெங்கும் பேசப்பட்டன. 1934-இல் விசுகான்சின் மாநிலம் இரண்டு வட்டங்களில் வில்லுக்கு மட்டுமே உரிய மான் வேட்டைப் பருவம் ஒன்றைச் சட்டப்படி அறிவித்தது. காட்டுயிர்க் காப்பியலின் தந்தை எனப் போற்றப்பெறும் ஆல்டோ லியோபோல்டும் வில்வேட்டையில் ஈடுபாடு மிக்கவர். தாமே வில் செய்தவர். பிற மாநிலங்களும் ஒவ்வொன்றாய் அவ் வழி நடந்தன. 1961-இல் போப்பு, யங்கு இருவர் பெயராலும் வில்வேட்டைக் கழகம் ஒன்று நிறுவப்பெற்றது.

1966-இல் மிசௌரி மாநிலத்து ஆலன் என்பார் வில்லின் இரு நுனிகளிலும் கப்பிகளைப் பூட்டி ஒரு புதுவில் அமைத்து, 1969-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பழைய வில்லை இழுக்க இழுக்க அதன் இழுவை மிகும். முழுதும் இழுத்த நிலையில்தான் கை மிகவும் நடுங்கும். கப்பி வில்லிலோ நடுவில் இழுவை உச்சமாகி, முழுதும் இழுத்ததும் தளர்ந்துவிடும். 27 கிலோ இழுவையுள்ள வில்லை ஐந்தாறு கிலோ எடையைத் தாங்குவதுபோல் நிறுத்திக் குறிபார்க்கலாம். இதனால் வில்வேட்டையர் தொகை பெருகியது. கருவி எளிதானதால் கலை தாழ்ந்தது என்பாரும் உளர். பிழையான எய்தல் குறைந்தது என்பாரும் உளர். அவ் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இனி, வேட்டை நிகழும் முறையைக் காண்போர்க்கு, அஃது எய்தற்கலை என்பதைவிடக் காத்திருத்தற்கலை என்பதே புலனாகும். வெண்வால் மானின் மோப்ப ஆற்றல் பெரிது. ஆகவே வேட்டையாடி காற்றின் போக்கை முதலில் ஆராய்கிறான். காலையில் வெயில் ஏற ஏறக் காற்று மேட்டை நோக்கி எழும். மாலையில் குளிர்ந்து பள்ளத்தை நோக்கி இறங்கும். இதனையறிந்து மான் வரும் தடத்திற்குக் கீழ்க்காற்றில் ஒரு மரத்தைத் தேர்ந்து, பதினைந்து இருபதடி உயரத்தில் பரண் கட்டி, விடியுமுன் ஏறி அமர்கிறான். தன்னைக் கச்சையால் மரத்தோடு பிணைத்துக்கொள்ளுதல் கட்டாயம். பரணிலிருந்து விழுந்து எலும்பு முறிந்தோரும் இறந்தோரும் பலர். மானுக்குச் சிவப்பும் பச்சையும் வேறுபடத் தெரியா. ஆனால் ஓர் அசைவு போதும், அது பாய்ந்தோடிவிடும்.

மான் அறுபது தொண்ணூறு அடிக்குள் வருமட்டும் வில்லை இழுத்தல் முறையன்று. வந்தாலும் அது பக்கவாட்டில் நிற்க வேண்டும். அலகம்பு குண்டைப் போல் அதிர்ச்சியால் கொல்வதில்லை. குருதிக் குழாய்களை அறுத்துக் குருதி வடியச் செய்தே கொல்கிறது. நுரையீரல் இரண்டிலும் ஊடுருவினால் மான் சில நொடிகளிலேயே ஓடி விழும். சற்றுப் பின்னே வயிற்றில் தைத்தால் பல மணி நேரம் துன்புறும். மேலும், ஒலி அம்பினும் மூன்று மடங்குக்கு மேல் விரைவுடையது. ஆதலின் நாணொலி அம்பை முந்திச்சென்று மானின் செவியை எட்டும்; மான் பாய்வதற்காகத் தன்னுடலைத் தாழ்த்தும்; அம்பு தவறான இடத்தில் தைக்கும். தொலைவிலிருந்து எய்யலாகாது என்பதற்கு இதுவே தலையாய கரணியம்.

எய்தபின்னும் வேட்டை முடிந்ததில்லை. அரைமணி நேரமாவது அசையாதிருந்து, பின் இறங்கிக் குருதித் தடம் பார்க்க வேண்டும். நுரை கலந்த செங்குருதியாயின் நுரையீரலில் தைத்தது. கருஞ்சிவப்பாயின் ஈரலில் தைத்தது. பசுமை கலந்த நீராயின் குடலில் தைத்தது. அந்நிலையில் பல மணி நேரம் பொறுத்திருந்தே தேடுதல் வேண்டும். உடனே துரத்தினால் மான் எழுந்து நெடுந்தொலைவு ஓடி, எவர்க்கும் கிட்டாமல் எங்கோ மடியும்.

வான்கோழி வேட்டை இதற்கு நேர்மாறானது. அப் பறவைக்கு மோப்பம் மிகக் குறைவு. கண்ணோ மிகக் கூரியது. நிறங்களை நன்கு அறியும். தலையைச் சிறிது திருப்பினால் சுற்றிலும் காணும். இளவேனிலில் சேவல்கள் பெட்டைகளை நோக்கிக் கூவும். அப்போது வேட்டையாடி மறைப்புக் கூடாரத்தில் ஒடுங்கி அமர்ந்து, மரப்பெட்டியையோ, பலகைக்கல்லையோ, வாயில் வைக்கும் மென்தகட்டையோ கொண்டு பெட்டையின் குரலை எழுப்புகிறான். இயற்கையில் சேவல் கூவப் பெட்டை தேடிச் செல்லும். வேட்டையாடியோ சேவலைத் தன்னிடம் வருமாறு வேண்டுகிறான். ஒலி சற்றுப் பிறழினும் சேவல் நின்றுவிடும். அதன் மொழியைப் பிழையறப் பேசினாலன்றி அது வாராது. வந்தபின் வில்லை இழுக்கும் அந்த ஓர் அசைவே பெரும்பாலும் வேட்டையைக் கெடுத்துவிடும். பருத்த இறகுக் குவியலுக்குள் உயிர்நிலை ஒரு கைப்பிடியளவே.

இப் பறவையின் பெயர் வரலாறும் எண்ணத்தக்கது. ஆங்கிலர் இதனைத் துருக்கி நாட்டின் பெயரால் அழைத்தனர். பிரெஞ்சியர் இந்தியாவின் பெயரால் அழைத்தனர். இவ் விரு நாட்டிற்கும் அஃது உரியதன்று. அமெரிக்க மண்ணின் பறவை அது. ஐரோப்பாவை அடைந்ததே பதினாறாம் நூற்றாண்டில்தான். தமிழோ பிறநாட்டுப் பெயரை இரவல் பெறாது வான்கோழி என்றது. மூதுரையில் அச் சொல் காணப்படுதலின், முன்னர் அது வேறொரு பறவையைச் சுட்டியிருத்தல் வேண்டும். அன்றேல் அந் நூல் அப் பறவை வந்தபின் எழுந்ததாதல் வேண்டும். சொல்லாராய்ச்சியாளர் இதனைத் தெளிவுபடுத்துதல் நன்று.

பெருமக்களே! இங்கே ஒரு வினா எழும். கொல்லாமைக்கென ஓர் அதிகாரத்தையே வள்ளுவர் வகுத்த மொழியில், பொழுதுபோக்கிற்காக உயிரைக் கொல்வாரைப் பற்றிப் பேசுதல் தகுமோ? தமிழில் வள்ளுவரும் உளர். வல்வில் ஓரியின் ஓரம்பு பல விலங்குகளை ஊடுருவிய திறத்தைப் புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் பாடிய வன்பரணரும் உளர். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் நேர்மையன்று. தமிழகத்தில் 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் மான் வேட்டையைத் தடுத்துள்ளன, அது தக்கதே. எனவே இவ்வுரை எவரையும் வேட்டைக்கு அழைப்பதன்று.

அமெரிக்க நிலைமையை அதனதன் அளவில் நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு இறைச்சி வாணிகத்திற்காகவும் தோலுக்காகவும் வரைமுறையின்றிச் சுட்டதனால், வெண்வால் மான்கள் ஐந்து நூறாயிரமளவிற்குக் குறைந்துபோயின என்பர். காட்டு வான்கோழி முன்பு வாழ்ந்த 39 மாநிலங்களுள் 18-இல் 1920-க்குள் அற்றேபோயிற்று. இவ் வழிவை நிறுத்தியவை இரண்டு. ஒன்று, காட்டு விலங்கின் இறைச்சியை விற்றலாகாது என்னும் தடை. வேட்டையாடியவன் தானும் உண்ணலாம், ஏழையர்க்கும் வழங்கலாம். விலைக்கு விற்றல் இயலாது. மற்றொன்று வரி. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டைத் துமுக்கிகள்மேல் வாங்கிய தீர்வையைக் காட்டுயிர்ப் பேணலுக்கென்றே ஒதுக்கியது. 1972-இல் வில்லும் அம்பும் அவ் வரிக்குள் கொணரப்பட்டன, 11 விழுக்காடு. கூண்டில் வளர்த்த வான்கோழிகளைக் காட்டில் விட்டுப் பார்த்தனர், அவை பிழைக்கவில்லை. பிறகு 1950-கள் முதல் காட்டுப் பறவைகளையே வெடிவிசை வலையால் பிடித்து, அவை அற்றுப்போன காடுகளில் விட்டனர், அவை பெருகின. இன்று வெண்வால் மான்கள் ஏறத்தாழ 3 கோடி. ஓநாயும் மலைப்புலியும் அருகிப்போன இடங்களில் அவை பயிரையும் இளங்காட்டையும் மேய்ந்தழிக்கும் அளவிற்குப் பெருகிவிட்டன. இன்னின்ன நாளில், இத்துணை மான், அதுவும் உரிமம் பெற்றே என்னும் வரம்பிற்குள் வேட்டை நிகழ்கிறது.

இவையெல்லாம் உண்மையாயினும், அம்பு தைத்தும் கிட்டாமற்போய்ப் புதரிடையே மடியும் மானின் துன்பத்தை எந்தப் புள்ளிவிளக்கமும் துடைத்துவிடாது. வில்வேட்டையர்மேல் சாற்றப்படும் குற்றங்களுள் இதுவே வலியது. அவருள் நேர்மையாளர் இதனை மறுப்பதுமில்லை. அதனாலன்றோ ஆண்டு முழுதும் பயில்க என்றும், ஐயமிருப்பின் எய்யற்க என்றும், தைத்த மானைக் காணாது வீடு திரும்பற்க என்றும் புதியோர்க்குக் கற்பிக்கின்றனர்! எய்யாது விட்ட அம்பை இழப்பாகக் கருதாதவனே அங்கு நல்ல வேட்டையாடி எனப்படுகிறான். கடையில் இறைச்சி வாங்குவோன் கொலையைப் பிறர் கையில் விட்டுவிடுகிறான். வில்லேந்தியவன் அதனைத் தன் கண்ணெதிரே, தன் கையாலேயே செய்து, அதன் பொறுப்பையும் தானே சுமக்கிறான். இது கொல்லாமை ஆகாது. ஆனால் கொலையை மறைத்து உண்ணும் வாழ்வினும் இது பொய் குறைந்தது எனலாம்.

இறுதியாக, மீண்டும் இசியிடம் வருதல் வேண்டும். அவன் கற்பித்த கலை இன்று அந் நிலமெங்கும் பரவி நிற்கிறது. காற்றறிதல், மணம் மறைத்தல், அசையாதிருத்தல், குரலால் அழைத்தல் ஆகிய அவன் பாடங்கள் அனைத்தையும் அவனைக் கேள்விப்பட்டிராதோரும் ஆங்கிலத்தில் ஓதிக்கொண்டிருக்கின்றனர். அவன் குடியை அழித்தவர் வழிவந்தோரே அவன் வில்லுக்கு மாணவராயினர். அது வியப்பே. ஆயின் அவன் மொழி என்னாயிற்று? 1915-ஆம் ஆண்டுக் கோடையில் மொழியறிஞர் எட்வர்டு சபீர் அவனுடன் அமர்ந்து அம்மொழியை எழுதிக்கொண்டார். மெழுகு உருளைகளில் அவன் குரலும் கதைகளும் பாட்டுகளும் பதிவாயின. அடுத்த ஆண்டே அவன் மறைந்தான். அவன் மூளையைக்கூட அறிவியலின் பெயரால் எடுத்து வைத்திருந்து, 2000-ஆம் ஆண்டில்தான் அவன் உறவுக் குடியினரிடம் ஒப்படைத்தனர். உருளைகள் இன்றும் பேசுகின்றன. விடை சொல்வாரைத்தான் காணோம்.

வில்லைக் கற்க ஒரு மாணவர் போதும். போப்பு ஒருவரே போதுமானவராயிருந்தார். கருவி கைமாறும், கலை கைமாறும், அவை எம் மொழியிலும் வாழ்ந்துகொள்ளும். மொழி அவ்வாறன்று. அதனை ஏட்டில் எழுதி வைத்தாலும், குரலைப் பதித்து வைத்தாலும், தாய் சொல்லக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் குழந்தை இல்லையேல் அது வாழாது. இசிக்கு அறிஞர் பலர் வாய்த்தனர். அவன் மொழியில் அவனை 'அப்பா' என்றழைக்க ஒரு குழந்தை வாய்க்கவில்லை.

ஒற்றைச் சொல்லைக் கேட்டுச் சிறைக் கட்டிலில் முகமலர்ந்த அம் மாந்தனைத் தமிழர் ஒவ்வொருவரும் நெஞ்சில் இருத்துதல் வேண்டும். தன் மொழியைப் பிறர் வாயில் கேட்கும் பேறு எத்துணைப் பெரிது என்பதை அவனினும் நன்கறிந்தவர் எவருமிலர். அப் பேறு தமிழர்க்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு நாளும் கிட்டுகிறது. கிட்டுவதன் அருமை உணர்ந்து அதனைப் போற்றுவோமாக!